நான்கு சீட்டுகள் குறைந்தால்...

வீட்டுக்கு வீடு பரணிலோ அலமாரியின் மூலையிலோ ஒரு பழைய சீட்டுக்கட்டு கிடக்கும். எடுத்து எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் 52 இருக்காது. குழந்தைகள் விளையாடித் தொலைத்த சீட்டு இரண்டு, மேசைக் கால் ஆடாமலிருக்க மடித்து வைத்த சீட்டு ஒன்று என்று குறைந்துபோயிருக்கும். ஒரு சீட்டுக் குறைந்தாலும் ரம்மி ஆட உதவாது என்று கட்டையே ஒதுக்கிவிடுகிறோம். ஆனால், வேண்டுமென்றே 16 சீட்டுகளை எடுத்து வைத்துவிட்டு ஆடும் ஆட்டம் ஒன்று உண்டு. அப்படி எடுத்ததால் அந்த ஆட்டத்தின் சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று. அதுவரை தோற்றுவந்த கை, வெல்லும் கை ஆகிவிட்டது! ஏன் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். மேல்நிலைப் பள்ளியில் வரும் சேர்மானங்கள் பாடம் ஓரளவு நினைவிருந்தால் போதும். பேனாவும் தாளும் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

பணம் வைத்து ஆட வழிகாட்டும் கட்டுரை இதுவன்று. ஆயினும் சீட்டைக் கண்டு முகம் சுளிக்கவும் வேண்டாம். பாதியில் நின்றுபோன ஆட்டத்தின் பந்தயப் பணத்தை இருவருக்கும் எப்படிப் பங்கிடுவது என்ற கேள்வியைப் பற்றி 1654ஆம் ஆண்டில் பாஸ்கலும் பெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்துதான் நிகழ்தகவுக் கணிதம் வளரத் தொடங்கியது.

ஆட்டத்தின் பெயர் போக்கர். மேலைநாட்டு ஆட்டம். நமக்குத் தேவையானது அதன் ஒரே ஒரு விதிதான்: ஐந்து சீட்டுகள் கொண்ட கைகளில் எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்பது. சீட்டுகளின் இனம் நான்கு: ஸ்பேட், ஆர்ட்டின், டைமண்ட், கிளாவர். ஒவ்வோர் இனத்திலும் 2 முதல் 10 வரை, பிறகு ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் என 13 மதிப்புகள். கைகளின் வகைகளுக்கு ஆங்கிலப் பெயர்கள் இருக்கின்றன. ஆனால் நம் வசதிக்காக நானே சில பெயர்களைச் சூட்டிக்கொள்கிறேன். ஒரே மதிப்புள்ள இரு சீட்டுகள் இருந்தால் ஜோடி. அப்படி இரண்டு இருந்தால் இரட்டை ஜோடி. ஒரே மதிப்பில் மூன்று வந்தால் மும்மை, நான்கும் வந்தால் நான்மை. 7, 8, 9, 10, ஜாக்கி என்பதுபோல் ஐந்தும் அடுத்தடுத்து வந்தால் தொடர். ஐந்தும் ஒரே இனமானால் ஓரினம்; தொடராகவும் ஓரினமாகவும் அமைந்தால் ஓரினத் தொடர். மூன்று ஒரு மதிப்பாகவும் மற்ற இரண்டு இன்னொரு மதிப்பாகவும் வருவதை ஃபுல் ஹவுஸ் என்கிறார்கள். அதை அப்படியே வைத்துக்கொள்வோம். இவற்றில் எதுவுமே அமையாவிட்டால்? வெறுங்கைதான்!

உயர்வு தாழ்வுக்கு அடிப்படை எளிது: அரிதாகக் கிடைப்பது உயர்ந்தது. ஆகவே, எந்த வகை எத்தனை விதங்களில் அமையும் என்று எண்ணிவிட்டால் போதும், தரவரிசை தானே கிடைத்துவிடும். எங்கள் துறையில் இது பழகிய வேலை. ஒரு பெட்டியில் அடைத்த வாயுவின் அழுத்தம் இன்னது என்று சொல்லும்போது, அந்த அழுத்தத்தைத் தரும் மூலக்கூறு அமைப்புகள் எத்தனை கோடி என்பதுதான் உள்ளே ஒளிந்திருக்கும் கேள்வி. போல்ட்ஸ்மன் அதை எண்ணத் தொடங்கிய பிறகுதான் என்ட்ரோப்பி என்ற சொல்லின் பொருள் தெளிந்தது. ‘ஜோடி’ என்பது ஒரு நிலை. அதற்குள் எத்தனை கைகள் அடங்கும் என்பது வேறு. மூலக்கூறுகளைவிடச் சீட்டுகளை எண்ணுவது எளிது, அவ்வளவுதான்.

முழுக்கட்டும் குறைகட்டும்

52 சீட்டுகளில் 5 சீட்டுகளை 25,98,960 விதங்களில் எடுக்கலாம். அவற்றுள் ஓரினம் 5,108. ஃபுல் ஹவுஸ் 3,744. ஃபுல் ஹவுஸ் அரிது. எனவே ஓரினத்தை வெல்கிறது. போக்கர் ஆடுவோர் அனைவரும் பன்னெடுங்காலமாகப் பின்பற்றிவரும் விதி இது.

இப்போது 2, 3, 4, 5 ஆகிய நான்கு மதிப்புகளையும் எடுத்துவிடுங்கள். எஞ்சுவது 36 சீட்டுகள். 6 முதல் ஏஸ் வரை ஒன்பது மதிப்புகள். இதற்கு ‘ஷார்ட் டெக்’ என்றும் ‘சிக்ஸ் பிளஸ்’ என்றும் பெயர். கட்டு சிறிதானால் நல்ல கைகள் அடிக்கடி வரும், ஆட்டம் சூடுபிடிக்கும். 2010ஐ அடுத்த ஆண்டுகளில் மக்காவ், ஹாங்காங் பகுதிகளில் பெருந்தொகை வைத்து ஆடுவோரிடையே இது பரவிற்று. 2019இல் லாஸ் வேகாஸில் நடந்த உலகப் போக்கர் தொடரில் இதற்கென்றே ஒரு போட்டி சேர்க்கப்பட்டது.

எண்ணத் தொடங்குவோம். 36 சீட்டுகளில் 5 எடுக்கும் விதங்கள்: 36 × 35 × 34 × 33 × 32 என்பதை 120ஆல் வகுக்க வேண்டும். ஐந்து சீட்டுகளைத் தமக்குள் 120 விதமாக வரிசைப்படுத்தலாம், கையில் வரிசை முக்கியமில்லை, அதனால் வகுக்கிறோம். விடை 3,76,992.

நான்மை: எந்த மதிப்பு என்பதற்கு 9 வழி, ஐந்தாவது சீட்டு மீதியுள்ள 32இல் ஒன்று. 9 × 32 = 288.

ஃபுல் ஹவுஸ்: மும்மையின் மதிப்புக்கு 9 வழி, நான்கு இனங்களில் மூன்றைத் தேர 4 வழி, ஜோடியின் மதிப்புக்கு மீதி 8 வழி, நான்கில் இரண்டைத் தேர 6 வழி. 9 × 4 × 8 × 6 = 1,728.

ஓரினம்: ஒவ்வோர் இனத்திலும் 9 சீட்டுகள், அவற்றில் ஐந்தைத் தேர 126 வழி, இனங்கள் நான்கு, ஆக 504. இதில் ஓரினத் தொடர்களைக் கழிக்க வேண்டும். இந்த ஆட்டத்தில் ஏஸ் மேலேயும் வரும், கீழே 6க்கு முன்னாலும் வரும். ஆகவே ஏஸ், 6, 7, 8, 9 என்று தொடங்கி 10 முதல் ஏஸ் வரை ஆறு தொடர்கள். நான்கு இனங்களுக்கும் சேர்த்து ஓரினத் தொடர் 24. மீதி ஓரினம் 480.

தொடர்: ஆறு தொடர்களில் ஒவ்வொன்றிலும் ஐந்து சீட்டுகள், ஒவ்வொரு சீட்டுக்கும் நான்கு இனம், நான்கை ஐந்து முறை பெருக்கினால் 1,024. 6 × 1,024இல் 24ஐக் கழித்தால் 6,120.

மும்மை: 9 × 4, மற்ற இரு சீட்டுகளும் வேறுவேறு மதிப்பு, அதற்கு எட்டில் இரண்டைத் தேர 28 வழி, இனங்களுக்கு 16 வழி. விடை 16,128.

அடுத்தது இரட்டை ஜோடி. இங்கேதான் நான் ஒருமுறை வழுக்கி விழுந்தேன். வகுப்பில் கரும்பலகையில் விறுவிறுவென்று எழுதிக்கொண்டு போனேன்: முதல் ஜோடிக்கு 9 மதிப்பு, 6 வழி, இரண்டாம் ஜோடிக்கு 8 மதிப்பு, 6 வழி, ஐந்தாவது சீட்டு மீதி ஏழு மதிப்புகளில், 28 வழி. பெருக்கினால் 72,576. எல்லா வகைகளையும் எழுதி முடித்துக் கூட்டினேன். மொத்தம் 4,13,280 வந்தது. ஆனால் இருப்பதோ 3,76,992 கைகள்தான்! பத்து நிமிடம் கூட்டலைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவர் எழுந்து, “ஐயா, அதிகமாக வந்தது 36,288. அது இரட்டை ஜோடியில் சரிபாதி” என்றார். அப்போதுதான் உறைத்தது. ராஜா ஜோடியும் ராணி ஜோடியும் என்பதும், ராணி ஜோடியும் ராஜா ஜோடியும் என்பதும் ஒரே கை அல்லவா? இரண்டில் எது முதல், எது இரண்டாவது என்ற வேறுபாடு கையில் இல்லை. ஃபுல் ஹவுஸில் அந்த வேறுபாடு உண்டு: மூன்று ராஜா இரண்டு ராணி வேறு, மூன்று ராணி இரண்டு ராஜா வேறு. அதனால் அங்கே 9 × 8 சரி. இங்கே ஒன்பதில் இரண்டைத் தேரும் 36தான் சரி. 36 × 6 × 6 × 28 = 36,288.

ஒரு ஜோடி: 9 × 6, மீதி மூன்று சீட்டுகளுக்கு எட்டில் மூன்று மதிப்புகளைத் தேர 56 வழி, இனங்களுக்கு 64 வழி. 1,93,536.

வெறுங்கை: ஐந்தும் வேறுவேறு மதிப்பு, 126 வழி, அவற்றில் ஆறு தொடர்களை நீக்கினால் 120. இனங்களுக்கு 1,024 வழி. அவற்றில் ஐந்தும் ஒரே இனமாகும் 4 வழிகளை நீக்கினால் 1,020. பெருக்கினால் 1,22,400.

இரு கட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் எண் 52 சீட்டுக் கட்டுக்கு. இரண்டாவது 36 சீட்டுக் கட்டுக்கு.

ஓரினத் தொடர்: 40, 24
நான்மை: 624, 288
ஃபுல் ஹவுஸ்: 3,744, 1,728
ஓரினம்: 5,108, 480
தொடர்: 10,200, 6,120
மும்மை: 54,912, 16,128
இரட்டை ஜோடி: 1,23,552, 36,288
ஒரு ஜோடி: 10,98,240, 1,93,536
வெறுங்கை: 13,02,540, 1,22,400
மொத்தம்: 25,98,960; 3,76,992

ஃபுல் ஹவுஸ் 1,728, ஓரினம் 480. தலைகீழாகிவிட்டது! இதனால்தான் 36 சீட்டு ஆட்டத்தில் ஓரினம் ஃபுல் ஹவுஸை வெல்லும் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். முழுக்கட்டில் ஏறத்தாழ 509 கைக்கு ஒருமுறை வந்த ஓரினம், குறைகட்டில் 785 கைக்கு ஒருமுறைதான் வருகிறது. 694க்கு ஒருமுறை வந்த ஃபுல் ஹவுஸோ 218க்கு ஒருமுறை வருகிறது.

காரணம் என்ன? சிறிய மதிப்புகளை எடுத்தபோது ஒவ்வோர் இனமும் 13இலிருந்து 9 ஆகச் சுருங்கிற்று. 13இல் ஐந்தைத் தேர 1,287 வழிகள், 9இல் 126தான். ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. மொத்தக் கைகளோ ஏழில் ஒரு பங்காகத்தான் குறைந்தன. ஆனால், எஞ்சியிருக்கும் ஒவ்வொரு மதிப்பிலும் நான்கு சீட்டுகள் அப்படியே இருக்கின்றன. ராஜாக்கள் நால்வரும் சிறிய ஊருக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். ஒருவரை ஒருவர் சந்திப்பது எளிதாகிவிட்டது! அதனால் ஜோடி, மும்மை, நான்மை வகைகள் எல்லாம் செழிக்கின்றன, ஓரினம் வாடுகிறது.

இந்தத் தலைகீழ் மாற்றம் எத்தனை சீட்டுகளை எடுத்தால் நிகழும்? 16 எடுக்க வேண்டுமா? இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு வியப்பு இருக்கிறது. கட்டில் 12 மதிப்புகள், அதாவது இரண்டுகளை மட்டும் எடுத்துவிட்ட 48 சீட்டுகள் என்று கொள்வோம். ஓரினத் தொடரையும் சேர்த்தால் ஓரினக் கைகள் 4 × 792 = 3,168. ஃபுல் ஹவுஸ் 12 × 4 × 11 × 6 = 3,168. அச்சு அசல் சமம்! ஓரினத் தொடர்களைப் பிரித்துவிட்டால் ஓரினம் சற்றே குறைந்துவிடும். ஆக, வெறும் நான்கு சீட்டுகளை எடுத்தாலே பழைய தரவரிசை தவறாகிவிடுகிறது. 52 என்ற கட்டு எவ்வளவு ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது பாருங்கள்!

இன்னும் எடுத்தால் இன்னும் விந்தை. 7 முதல் ஏஸ் வரை 32 சீட்டுகளுடன் யாழ்ப்பாணத்திலும் தமிழகத்தின் சில பகுதிகளிலும் 304 என்ற ஆட்டம் ஆடுவார்கள். அந்தக் கட்டை எடுத்துப் போக்கர்க் கைகளை எண்ணினால், நான்மை 224. ஓரினத் தொடர் நீங்கலாக ஓரினம் 204. ஓரினம் நான்மையையே வென்றுவிடுகிறது. மேலும் குறைத்து 10, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் என 20 சீட்டுகளில் நிறுத்தினால்? ஐந்து மதிப்புகள்தான் இருக்கின்றன. ஐந்தும் வேறுவேறாக வந்தால் அது தொடர். ஆகவே இன்றைய விதிப்படி வெறுங்கை என்பதே கிடையாது. யாருக்கும் குறைந்தது ஒரு ஜோடி நிச்சயம். இது கற்பனைக் கட்டு அன்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவில், மிசிசிப்பி ஆற்றுப் படகுகளில் போக்கர் இந்த 20 சீட்டுகளைக் கொண்டுதான் ஆடப்பட்டது. ஓரினமும் தொடரும் பின்னால் வந்து சேர்ந்த வகைகள்.

வெறுங்கை ஏன் உயரவில்லை?

பட்டியலைக் கவனமாகப் பார்த்த வாசகர் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். 36 சீட்டுக் கட்டில் ஜோடி 1,93,536, வெறுங்கை 1,22,400. ஜோடியைவிட வெறுங்கை அரிது! அரிதானது உயர்ந்தது என்றால், ஒன்றுமே இல்லாத கை ஜோடியை வெல்ல வேண்டும் அல்லவா? ஓரினத்தை உயர்த்தியவர்கள் வெறுங்கையை ஏன் உயர்த்தவில்லை?

இதற்கு விடை காண, ஆட்டம் நடக்கும் முறையைப் பார்க்க வேண்டும். இன்று பரவலாக ஆடப்படும் முறையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் கையில். ஐந்து சீட்டுகள் மேசையில் எல்லாருக்கும் பொதுவாக. ஏழிலிருந்து சிறந்த ஐந்தை ஆடுபவரே தேர்ந்தெடுத்துக்கொள்வார். இப்போது வெறுங்கை ஜோடியை வெல்லும் என்று சட்டம் வைத்துப் பாருங்கள். ஏழு சீட்டுகளில் ஒரே ஒரு ஜோடி வந்தவரிடம் ஆறு வேறுவேறு மதிப்புகள் இருக்கும். அவர் ஜோடியில் ஒன்றை மறைத்துவிட்டு, வேறுவேறான ஐந்தைக் காட்டி, “என்னுடையது வெறுங்கை” என்று பெருமையோடு சொல்வார். ஜோடி வைத்திருந்தவர்கள் எல்லாரும் வெறுங்கைக்கு மாறிவிடுவார்கள். அரிதாயிருந்த வெறுங்கை மலிந்துபோகும். அரிதென்று உயர்த்தியதாலேயே அது அரிதல்லாமல் ஆகிவிடுகிறது. இந்த முடிச்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மறுபடி வருவோம்.

ஏழு சீட்டு என்றதும் இன்னொரு வழக்கு எழுகிறது. ஐந்து சீட்டுக் கணக்கில் தொடர் 6,120, மும்மை 16,128. தொடரே உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் 36 சீட்டு ஆட்டத்தில் சில இடங்களில் மும்மை தொடரை வெல்லும் என்றும், வேறு சில இடங்களில் தொடரே வெல்லும் என்றும் விதி இருக்கிறது. யார் கணக்கு சரி? ஏழு சீட்டுகளுக்கு எண்ணிப் பார்ப்போம். 36இல் ஏழைத் தேரும் வழிகள் 83,47,680.

மும்மை மட்டும் அமைய வேண்டுமென்றால், ஏழு சீட்டுகளில் ஐந்து மதிப்புகள்தான் இருக்க வேண்டும். ஒன்று மூன்று முறை, மற்ற நான்கும் ஒவ்வொரு முறை. தொடராகாத மதிப்புக் கூட்டங்கள் 120. எது மும்மை என்பதற்கு 5 வழி. இனங்களுக்கு 4 × 256 = 1,024 வழி; அவற்றில் 12 வழிகளில் ஓரினம் அமைந்துவிடும் (நான்கு தனிச்சீட்டுகளும் ஒரே இனம், மும்மையிலும் அந்த இனம் இருக்கிறது); நீக்கினால் 1,012. ஆக 120 × 5 × 1,012 = 6,07,200. இந்த வழி சரிதானா என்று சோதிக்க முழுக்கட்டுக்கும் போட்டுப் பார்க்கலாம்: அங்கே தொடராகாத கூட்டங்கள் 1,277; 1,277 × 5 × 1,012 = 64,61,620. புத்தகங்களில் காணும் எண் இதுவே.

தொடரை எண்ணுவது சற்று நீளம். என் நோட்டில் நான்கு பக்கம் தின்றது. ஏழும் வேறுவேறு மதிப்பாக இருந்து தொடர் அமைவது 3,26,340. ஒரு ஜோடியோடு அமைவது 6,77,160. இரண்டு ஜோடியோடோ மும்மையோடோ அமைவது 1,66,440. மொத்தம் 11,69,940. மும்மையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு! மும்மையும் தொடரும் சேர்ந்து வரும் 30,360 கைகளை எந்தப் பக்கம் சேர்த்தாலும் முடிவு மாறாது. ஆக, மும்மையை உயர்த்தியவர்கள் ஏழு சீட்டுக் கணக்கைப் பின்பற்றுகிறார்கள். மற்றவர்கள் ஐந்து சீட்டுக் கணக்கிலிருந்து வந்த மரபைப் பின்பற்றுகிறார்கள். என் சார்பு முன்னவர்கள் பக்கம். ஆடுவது ஏழு சீட்டு என்றால் எண்ண வேண்டியதும் ஏழுதானே? முழுக்கட்டிலும் ஏழு சீட்டில் தொடர் 61,80,020, மும்மை 64,61,620. தொடர் மயிரிழையில்தான் தப்பியிருக்கிறது.

பழைய கட்டில் கைதேர்ந்தவர்கள் புதிய கட்டுக்கு வரும்போது தடுமாறுவதும் இதனால்தான். மேசையில் மூன்று சீட்டுகள் விழுந்துவிட்டன. இன்னும் இரண்டு விழ வேண்டும். உங்களிடம் ஒரே இனத்தில் நான்கு சேர்ந்திருக்கிறது. முழுக்கட்டில் காணாத 47 சீட்டுகளில் அந்த இனம் 9 இருக்கும். இரண்டில் ஒன்றாவது அதில் விழ ஏறத்தாழ 35 விழுக்காடு வாய்ப்பு. இருபுறமும் திறந்த தொடருக்கு 8 சீட்டுகள் உதவும். வாய்ப்பு 31½ விழுக்காடு. குறைகட்டில் காணாத சீட்டுகள் 31. ஓரினத்துக்கு உதவுபவை 5தான், வாய்ப்பு 30. தொடருக்கு அதே 8. வாய்ப்போ 45½ விழுக்காடு. முப்பது ஆண்டு பழக்கம் ‘ஓரினத்தை எதிர்பார்’ என்று சொல்லும். கணக்கு அதற்கு நேர்மாறாகச் சொல்லும். முதலில் வரும் இரு சீட்டுகளும் ஏஸாக இருப்பதுகூட முழுக்கட்டில் 221க்கு ஒருமுறை. குறைகட்டில் 105க்கு ஒருமுறை. ‘இவரிடம் இருக்கவா போகிறது’ என்று துணிந்தவர் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு ஜோக்கரைச் சேர்த்தால்

சீட்டை எடுத்தால் தரவரிசையைத் திருத்திக்கொள்ளலாம், சரி. சேர்த்தால்? முழுக்கட்டில் ஒரே ஒரு ஜோக்கரைச் சேர்த்து 53 ஆக்குவோம். ரம்மியைப்போல் ஜோக்கர் எந்தச் சீட்டாகவும் நிற்கலாம். ஐந்து சீட்டு ஆட்டம். மொத்தக் கைகள் 28,69,685.

ஒரு ஜோடியும், வேறுவேறான இரு சீட்டுகளும், ஒரு ஜோக்கரும் உங்களுக்கு வந்தன என்று கொள்ளுங்கள். ஜோக்கரை ஜோடியோடு சேர்த்தால் மும்மை. மற்றொரு சீட்டோடு சேர்த்தால் இரட்டை ஜோடி. உயர்ந்ததைத்தான் சொல்வீர்கள். இத்தகைய கைகள் எத்தனை? 13 × 6, மீதி பன்னிரண்டில் இரண்டு மதிப்புகளைத் தேர 66, இனங்களுக்கு 16. விடை 82,368.

வழக்கமான விதிப்படி மும்மை உயர்ந்தது என்றால், இந்த 82,368 கைகளும் மும்மைப் பக்கம் போகும். மும்மை 54,912 + 82,368 = 1,37,280. இரட்டை ஜோடி அதே 1,23,552. அட, மும்மை மலிந்துவிட்டதே! சரி, விதியை மாற்றி இரட்டை ஜோடியை உயர்த்துவோம். உடனே எல்லாரும் ஜோக்கரை இடம் மாற்றி வைப்பார்கள். இரட்டை ஜோடி 1,23,552 + 82,368 = 2,05,920; மும்மை 54,912. இப்போது இரட்டை ஜோடி மலிந்துவிட்டது! எதை உயர்த்தினாலும் உயர்ந்ததே மலிவாகிறது. எமர்ட், அம்பாக் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் 1996இல் இந்த முரண்பாட்டைப் பற்றி எழுதினார்கள். இரண்டில் எந்த வரிசையும் கணக்கோடு ஒத்துப்போகாது.

வெறுங்கையில் கண்ட அதே முடிச்சுதான். நாம் எண்ணுவது கைகளை. ஆனால் கைக்குப் பெயர் வைப்பவர் ஆடுபவர். அவர் நம் விதியைப் பார்த்துத்தான் பெயர் வைக்கிறார். வாயு மூலக்கூறுகளிடம் இந்தத் தொல்லை இல்லை. அவை நாம் எழுதும் சூத்திரத்தைப் படிப்பதில்லை.

வழியே இல்லையா என்றால், ஒரு வழி இருக்கிறது. ஆடுபவரின் விருப்பத்தை எடுத்துவிடுங்கள். ஜோடியும் ஜோக்கரும் வந்த கையை மும்மை என்றும் சொல்லக்கூடாது, இரட்டை ஜோடி என்றும் சொல்லக்கூடாது; ‘ஜோக்கர் ஜோடி’ என்று தனி வகையாக வைத்துவிடுங்கள். ஜோக்கர் இல்லாத மும்மை 54,912. ஜோக்கர் ஜோடி 82,368. இரட்டை ஜோடி 1,23,552. மூன்றும் ஒழுங்காகப் படிப்படியாக நிற்கின்றன. ஆட்டக்காரர்கள் இதை ஏற்பார்களா என்பது வேறு. ஜோக்கரின் சுவையே விருப்பம்போல் வைப்பதில்தானே இருக்கிறது!

இரண்டு ஜோக்கர்களைச் சேர்த்து 54 சீட்டுகளுக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரு ஜோக்கர்களும் ஒரே கையில் வரும் கைகளைத் தனியாக எண்ணிக்கொள்ளுங்கள். அவற்றில் எதுவுமே மும்மைக்குக் கீழே இறங்காது என்பதை முதலில் கண்டுகொள்வீர்கள். எல்லா வகைகளையும் கூட்டினால் 31,62,510 வர வேண்டும். அதிகமாக வந்தால், என்னைப்போல் எங்கோ ஒரு கையை இருமுறை எண்ணியிருக்கிறீர்கள்.